வேலையில் இருப்பதும் தொழில் கையில் இருப்பதும்: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலி, எண்ணூர் பக்கம் பல கம்பெனிகளில் பைப் வெல்டராக இருந்தவன் நான். இப்போது தண்டையார்பேட்டையில் பையன்களை வெல்டிங் டெஸ்டுக்குத் தயார் செய்கிறேன். அவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு, வெல்டிங் மட்டும் இல்லாமல் மற்ற தொழில்களையும் சேர்த்து, ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

வேலையில் இருப்பதற்கும் தொழில் வைத்திருப்பதற்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. வேலை என்பது உங்களுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. அவர் சம்பளம் கொடுக்கிறார், நீங்கள் நேரத்தைக் கொடுக்கிறீர்கள், எப்போது வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் கணக்கு முடிந்தது. தொழில் உங்களிடமே இருப்பது. வருஷக்கணக்கில் கற்றது, அதே தொழில் தெரிந்த இன்னொருவர் நீங்கள் செய்ததைப் பார்த்து "இவனுக்கு வேலை தெரியும்" என்று சொல்லக்கூடியது, கம்பெனி மாறினாலும் கூடவே வருவது. இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு முறை இருக்கிறது, முதலாளி கேட்காவிட்டாலும் அந்த முறையை மீறக்கூடாது.

இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் அரசாங்கத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர், அதே சமயம் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியர். ஸ்டான்லியை விட்டு அவர் எங்கே போனாலும் அந்தப் பதிவும் கூடப் போகும். தொழில் இருந்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்கள் உண்டு. வேலை இருந்தும் தொழில் இல்லாதவர்கள் உண்டு, நம் பக்கத்தில் இவர்கள்தான் நிறைய, இவர்களை நினைத்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன்.

பத்து வருஷமாக ஒரே பிளான்ட்டில் இருக்கிறேன். எனக்குத் தொழில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டுக்கு வெளியே வந்து நின்று யோசியுங்கள். நாளைக்குக் காலையில் அந்த கேட் திறக்கவில்லை. ஐடி கார்டு செல்லாது, பழகிய மெஷின் இல்லை, சிபாரிசுக்குப் பழைய சூப்பர்வைசரும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு இடத்தில் போய் நின்றால் உங்களால் என்ன செய்து காட்ட முடியும்? அதற்கு அங்கே என்ன கூலி கொடுப்பார்கள்? அதுதான் உங்கள் தொழில். மீதி எல்லாம் அந்த பிளான்ட்டோடு இருந்துவிடும்.

நான் பார்த்த வரையில் மணலி பெல்ட்டில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பையன் இருபது வயதில் ஹெல்பராக உள்ளே போகிறான். சுறுசுறுப்பானவன், எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்த ஸ்டோர் கீப்பரிடம் எப்படிக் கேட்டால் கேஸ்கட் கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி, அவன் இல்லாவிட்டால் அந்த ஷிப்டே ஓடாது என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்டர் மாறுவார், ஆள் அதே ஆள், கார்டு மட்டும் புதுசு. முப்பது வயதில் கல்யாணம், முப்பத்திரண்டில் குழந்தை, அப்போது புதிதாக வரும் கான்ட்ராக்டர் தன் ஆட்களையே கொண்டுவருகிறார். வெளியே வந்து பார்த்தால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு பிளான்ட்தான், இன்னொரு இடத்தில் மறுபடி ஹெல்பர் கூலிதான் கிடைக்கும். அவன் சோம்பேறி இல்லை, பத்து வருஷம் உழைத்தவன். அந்த பத்து வருஷத்தில் அவன் கையில் ஒரு வெல்டிங் ராடையோ கரண்ட் பார்க்கும் மல்டிமீட்டரையோ கொடுத்து "இதைக் கத்துக்கோ" என்று யாரும் சொல்லவில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதே ஷெட்டில் இருந்த வெல்டரின் கதை வேறு. அவர் புது இடத்துக்குப் போனால் பேச்சு கிடையாது, டெஸ்ட் பீஸ் கொடுப்பார்கள். 6ஜி டெஸ்ட் என்றால் பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள், பைப்பைத் திருப்பக்கூடாது, வெல்டர்தான் குனிந்து, சாய்ந்து, கிட்டத்தட்ட படுத்துக்கொண்டு, அடியிலிருந்து மேல் வரைக்கும் சுற்றி வர வேண்டும். அடி வரிசையை, அதாவது ரூட் பாஸை, டிக்கில் (கேஸ் விட்டுப் போடும் வெல்டிங்) போட்டு, மேலே ராட் வைத்து ஆர்க்கில் நிரப்பி முடித்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். ஜாயின்ட் பாஸ் என்றால் அவர் எந்த ஊர், யார் மகன், எங்கே வேலை பார்த்தார் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படாது.

அப்போ சர்டிபிகேட் இருந்தால் தொழில் இருக்கிறது என்று அர்த்தமா?

பாதி. சர்டிபிகேட் கதவைத் திறக்கும். ஆனால் கை பழக்கத்தில் இருக்க வேண்டும். பிரஷர் தாங்கும் பைப், டாங்க் வெல்டிங்குக்குப் பல நாடுகளில் பார்க்கிற, ஏஎஸ்எம்ஈ என்ற அமெரிக்க இன்ஜினியர்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் ஒன்பதாம் பிரிவில் ஒரு விதி உண்டு: ஒரு முறையில் பாஸ் ஆன வெல்டர் ஆறு மாதத்துக்கு மேல் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி, திரும்ப டெஸ்ட் கொடுக்க வேண்டும். அது கடுமையான விதி என்று சிலர் புலம்புவார்கள், எனக்கு அது ரொம்ப நியாயமாகப் படுகிறது, ஆறு மாதம் வெல்டிங் டார்ச்சைத் தொடாதவர் கையை நானே நம்பமாட்டேன்.

மறுபக்கமும் இருக்கிறது. கையில் தொழில் இருக்கும், காகிதம் இருக்காது. தாத்தா காலத்திலிருந்து வயரிங் செய்யும் குடும்பம், வியாசர்பாடியில் பாதி வீட்டுக்கு அவர்கள்தான் லைன் இழுத்திருப்பார்கள், ஆனால் ஒரு கம்பெனிக்குப் போனால் "ஐடிஐ இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி அனுபவத்தில் கற்றவர்களுக்காகவே அரசு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. ஐடிஐக்குள் போகாதவர்கள் அனுபவச் சான்று காட்டித் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவும் வழி உண்டு. அறிவிப்பு வரும்போது விடாதீர்கள். தெரிந்த தொழிலுக்குக் காகிதம் இல்லாமல் இருப்பது, வீடு கட்டிவிட்டுப் பட்டா வாங்காமல் குடியிருப்பது மாதிரி.

பி.பார்ம் முடித்திருக்கிறேன். ஒரு மெடிக்கல் ஷாப்பில் என் சர்டிபிகேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் தருகிறேன் என்கிறார்கள். வேறு வேலையும் பார்த்துக்கொள்ளலாமாம். செய்யலாமா?

செய்யாதீர்கள். 1948ஆம் வருஷத்து மருந்தியல் சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் வேலை. உங்கள் பெயர் சுவரில் தொங்கும், மருந்தை எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையனாக இருப்பான், அவன் மாற்றிக் கொடுத்து ஒரு பாட்டிக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். நாலு வருஷம் படித்து வாங்கிய தொழிலை மாச வாடகைக்கு விட்டுவிட்டு, அது இருந்தும் இல்லாதவராக ஏன் இருக்க வேண்டும்?

டாக்டர், வக்கீல், ஆடிட்டர் இவர்களுக்குத்தானே தொழில், நெறி என்பதெல்லாம்? நம்மைப் போன்றவர்களுக்கு ஏது?

சட்டம் அவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது, நமக்கு எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர்களைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்பதால் சொல்கிறேன். பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்துக்குள் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் இருக்கிறது, இந்தப் பக்கத்து வக்கீல்கள் எல்லோரும் பதிவு செய்கிற இடம். அகில இந்திய பார் கவுன்சில் விதி 49 என்ன சொல்கிறது என்றால், வக்கீலாகத் தொழில் செய்கிற வரைக்கும் ஒருவர் எந்தக் கம்பெனியிலும் எந்த ஆளிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது. அப்படி வேலைக்குப் போனால் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுக் கோர்ட்டில் வாதாடுவதை நிறுத்திவிட வேண்டும். சம்பளம் கொடுப்பவர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும், வக்கீலோ கட்சிக்காரருக்கும் கோர்ட்டுக்கும் கட்டுப்பட்டவர், இரண்டும் ஒத்துப்போகாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம்.

டாக்டர்களுக்கு அப்படி இல்லை, சம்பளத்துக்கு இருந்துகொண்டே தொழிலையும் செய்யலாம். டீன் டூட்டி போடலாம், வார்டு மாற்றலாம், ஆனால் எதிரே படுத்திருக்கும் நோயாளிக்கு என்ன மருந்து என்று முடிவு செய்வது அந்த டாக்டர்தான், அதற்குப் பொறுப்பும் அவர்தான். இன்னொரு கோடியில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஊரே "5 ரூபாய் டாக்டர்" என்று கூப்பிட்ட ஜெயச்சந்திரன், 2018 டிசம்பரில் காலமானார். அவருக்கு மேலதிகாரி கிடையாது, இவ்வளவு சம்பளம் என்று நிர்ணயிக்க யாரும் கிடையாது, பீஸ் எவ்வளவு என்பது அவர் மனசு. வட சென்னையில் அவர் பெயரைச் சொல்லும்போது அவர் எங்கே "வேலை பார்த்தார்" என்று யாரும் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் தப்பாகச் செய்யச் சொன்னால் ஒரு வெல்டரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வேலை போய்விடுமே?

போகலாம். அதனால்தான் இது கஷ்டமான கேள்வி. நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். 7018 என்று ஒரு ராட், லோ ஹைட்ரஜன் ராட் என்பார்கள். டப்பாவைத் திறந்து வெளியே வைத்தால் மேல்பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் அதை முந்நூறு டிகிரிக்கு மேல் ஓவனில் சுட்டு, அப்புறம் வெல்டர் கையோடு வைத்துக்கொள்ளும் சின்ன ஓவனில் சூடு ஆறாமல் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். ஈர ராடைப் போட்டாலும் ஜாயின்ட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஹைட்ரஜன் உள்ளே போயிருக்கும், எல்லாம் ஆறி, வெல்டரும் வீட்டுக்குப் போன பிறகு, சில சமயம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, உள்ளுக்குள் விரிசல் விடும்.

பிளான்ட்டை நிறுத்திவைத்துப் பார்க்கும் ஷட்டவுன் வேலை, ராத்திரி ஷிப்ட், ஓவன் ஓடவில்லை. "அப்படியே போடுங்க, லேட் ஆகுது" என்றார் சூப்பர்வைசர். ராயபுரத்துக்காரர் ஒருவர், எனக்கு சீனியர், ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு "ஓவன் வரட்டும் சார், அப்புறம் போடறேன்" என்றார். சத்தம் போடவில்லை, வாதம் பண்ணவில்லை. அவர் சொன்னதும் மற்ற வெல்டர்களும் ஹோல்டரை வைத்துவிட்டார்கள், ஓவன் எங்கிருந்தோ வந்தது. அவர் தனி ஆளாக இருந்திருந்தால் அடுத்த நாள் கேட் பாஸைப் பிடுங்கியிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவருக்கு அதைச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: இந்த வேலை போனால் அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் டெஸ்ட் பீஸ் போட்டு உள்ளே போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற ஹெல்பர் பையனால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

எம்.சி. ரோடு பக்கத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். நீ எங்க ஆள் இல்லை, தனியாகத் தொழில் செய்கிறவன், அதனால் எந்தச் சலுகையும் கிடையாது என்கிறார் கடைக்காரர். சரியா?

பீஸ் ரேட் என்ற ஒரே காரணத்துக்காக அப்படிச் சொல்ல முடியாது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973லேயே சுப்ரீம் கோர்ட் இதைப் பார்த்துவிட்டது. அங்கேயும் பீஸ் ரேட்தான், தையல்காரர்கள் சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப்போயும் தைத்தார்கள். ஆனால் கடையில் இருந்த மெஷின் முதலாளியுடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அவர்கள் ஊழியர்கள்தான் என்று தீர்ப்பு வந்தது. ஆக, நீங்கள் ஊழியரா, தனியாகத் தொழில் செய்கிறவரா என்பது சம்பளம் தரும் முறையை மட்டும் வைத்து முடிவாகாது. மெஷின் யாருடையது, எப்படித் தைக்க வேண்டும் என்று யார் சொல்கிறார், யார் ஏற்கிறார் யார் தள்ளுகிறார், வேறு கடைக்கும் தைக்க உங்களால் முடிகிறதா, இதெல்லாம் சேர்ந்துதான்.

இதில் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. வேலை வாங்கும்போது "நீ என் ஆள்" என்பார்கள், தீபாவளி போனஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ என்று வந்தால் "நீ சொந்தத் தொழில் பண்றவன்" என்பார்கள். சொந்தத் தொழிலுக்கு உண்டான சுதந்திரத்தையும் தராமல், வேலைக்கு உண்டான பாதுகாப்பையும் தராமல் நடுவில் நிறுத்திவிடுவது.

ஸ்விக்கி, ஜொமாட்டோ ஓட்டுவது?

மேலே சொன்ன நடு நிலைதான், இந்தத் தடவை ஆப்பில். பார்ட்னர் என்று பெயர், ரேட்டை நிர்ணயிப்பது ஆப். தமிழ்நாடு அரசு 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது இப்படி ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்கு, நல வாரியம் அமைத்தது, ஓட்டுகிறவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். படிப்புக்கு நடுவிலோ வேலை தேடும்போதோ ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் ஓட்டினால் கையில் என்ன சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள், ரேட்டிங்கூட வேறு ஆப்புக்கு வராது.

காசிமேட்டில் போட்டில் போகிறேன். சம்பளம் கிடையாது, பங்குதான். நான் எதில் சேர்த்தி?

விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாடு செலவைக் கழித்துவிட்டு முதலாளிக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பது ரொம்பப் பழைய முறை, மீன் படாவிட்டால் கையில் ஒன்றும் நிற்காது. போட் ஓட்டுகிறவருக்கு அதிகப் பங்கு கிடைப்பதே அவர் தொழிலுக்குத்தான், எங்கே பாறை, எங்கே வலை மாட்டும், நீரோட்டம் எப்படிப் போகும் என்பது அவர் தலையில் இருக்கிறது. அவர் ஒரு போட்டை விட்டு இறங்கினால் இன்னொருவர் கூப்பிட்டுக்கொள்வார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதில் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். கடலுக்குப் போகும் வேலை எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுபோகிறது. ஆனால் வலை பொத்தத் தெரிந்தவர், இன்ஜின் இறக்கி ஏற்றத் தெரிந்தவர், பைபர் ஒட்டத் தெரிந்தவர், இவர்களுக்கெல்லாம் ஹார்பரில் அந்த இரண்டு மாதமும் வேலை இருக்கிறது. ஏறி இழுக்க மட்டும் தெரிந்தவருக்கு நிவாரணப் பணத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது. இளவட்டங்கள் அந்த 61 நாளில் இதில் ஒன்றையாவது பெரியவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.

என் மகனுக்கு நல்ல கம்பெனியில் பெர்மனென்ட் வேலை. "தொழில்தான் கையில் இருக்கே, தனியா பண்றேன்" என்று விடப்பார்க்கிறான். நான் என்ன சொல்வது?

அம்மா, அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழில் பெருமை பேசும் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். சம்பளத்துக்கு இருப்பதில் கண்ணுக்குத் தெரியாத வருமானம் நிறைய இருக்கிறது. பிஎஃப்பில் அவன் சம்பளத்தில் 12% பிடித்தால் கம்பெனியும் 12% போட வேண்டும், அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது, பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் பின்னால் மாதாமாதம் பென்ஷன் உண்டு. சம்பளம் 21,000க்குள் என்றால் ஈஎஸ்ஐ: அவனிடம் 0.75% பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25% கட்டுகிறது, அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம், உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தில் 70% வரும். ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி, வருஷத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில்.

தனியாக வந்தால் இதெல்லாம் அவனே செய்துகொள்ள வேண்டும். பில்லை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடிப்பார்கள், அப்போதும் வாடகையும் கரண்ட் பில்லும் வரும். கையில் தீக்காயம் பட்டால் அந்த வாரம் வருமானம் கிடையாது. தங்கமான கைத்தொழில் வைத்திருந்து, ஐம்பத்தைந்து வயதில் கண் மங்கிப்போய், பிஎஃப் ஒரு ரூபாய் இல்லாமல் பிள்ளைகள் கையை எதிர்பார்த்து இருக்கும் வெல்டர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தொழிலில் எந்தக் குறையும் இல்லை.

அவன் உறுதியாக இருந்தால், ஆறு மாதச் செலவுக்குப் பணம், ஒரு விபத்துக் காப்பீடு, வேலையில் இருக்கும்போதே பிடித்துவைத்த இரண்டு மூன்று வாடிக்கையாளர், இவை இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும், அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். இவ்வளவும் சரியாக இருந்தால் போகட்டும், ஆசீர்வாதம் பண்ணி அனுப்புங்கள்.

ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஆக்ட் அப்பரண்டீஸ் (அப்பரண்டீஸ் சட்டப்படியான தொழிற்பயிற்சி) முடித்தால் வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. 1961ஆம் வருஷத்து அப்பரண்டீஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, முடித்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரயில்வேயில் லெவல் 1 என்ற கடைநிலை வேலைகளுக்கான நேரடி ஆள் எடுப்பில் முடித்தவர்களுக்கு 20% ஒதுக்குகிறார்கள், அதற்கும் தேர்வு எழுத வேண்டும். ஆனாலும் கிடைத்தால் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். 1955இல் ஆரம்பித்த தொழிற்சாலை, ரயில் பெட்டி எப்படி உருவாகிறது என்பதை அங்கே முழுசாகப் பார்க்கலாம், கையில் வரும் தேசிய அப்பரண்டீஸ் சான்று எங்கேயும் செல்லும். அப்பா அம்மாக்கள் "ரயில்வே உத்தியோகம்" என்று நினைத்து அனுப்புகிறார்கள், பையன் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஏமாந்த மாதிரி பேசுகிறார்கள். தொழில் கற்க அனுப்பினோம் என்று நினைத்தால் அந்தப் பேச்சு வராது, பையனுக்கும் மனசு நோகாது.

தொழிலே அழிந்துபோனால்? எங்கள் தாத்தா பின்னி மில்லில் இருந்தார்.

பெரம்பூர் பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக் மில், நாம் பின்னி மில் என்பது, 1996இல் மூடப்பட்டது. தாத்தா தலைமுறைக்கு அது வேலை மட்டும் இல்லை, அந்த ஏரியாவே அதை நம்பி இருந்தது. தறியில் கை தேர்ந்தவர்களுக்குக்கூட அந்தத் தறி மில்லுக்குள்ளே இருந்ததால், மில் போனதும் தொழில் இருந்தும் செய்ய இடம் இல்லாமல் போய்விட்டது. ஆட்டோ ஓட்டப் போனவர்கள், வாட்ச்மேனாக நின்றவர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜார்ஜ் டவுன் அச்சகங்களில் அச்சுக் கோர்த்தவர்களுக்கும் இதே கதி. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக, இடவலம் மாறியிருப்பதைக் கண்ணால் ஓட்டிப் படித்தவர்கள், கம்ப்யூட்டரும் ஆப்செட்டும் வந்ததும் அந்தத் திறமைக்கு வேலை இல்லை. அவர்களில் தப்பித்தவர்கள் தமிழைப் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் புரூஃப் பார்க்கப் போனார்கள், சிலர் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி கற்றார்கள். உங்கள் தொழிலுக்கு உள்ளே இருக்கும் தொழில் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். வெல்டருக்கு அது மெட்டல் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவும், டிராயிங் படிக்கத் தெரிவதும். ரோபோ வந்தாலும் அதற்கு எப்படி வெல்டிங் போட வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், டிராயிங் தெரியாத வெல்டரை அதற்கு வைக்கமாட்டார்கள்.

அதே மில்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் அந்த மில் தொழிலாளிகளுக்காகத்தான் தொடங்கியது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். தனி ஆளாக நின்று பேச முடியாதவர்களுக்கு அன்றைக்குச் சங்கம்தான் பலம். இன்றைக்கும் அப்படித்தான்.

குப்பை அள்ளுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள்? இவர்களுக்குத் தொழில் கற்றுக்கொள் என்று சொன்னால் போதுமா?

போதாது. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டது என்ன? அதே தெரு, அதே துடைப்பம், அதே வண்டி, ஆனால் தங்களைத் தனியார் ஒப்பந்தத்துக்கு மாற்றாதீர்கள், மாநகராட்சி ஊழியராக்குங்கள் என்பதுதான். யாருடைய ஊழியர் என்பதில்தான் கூலியும் கௌரவமும் வயசான காலமும் இருக்கிறது. அவர்களுக்குத் தொழில் இல்லை என்று சொல்வதே தப்பு. மழைக்காலத்தில் எந்த வடிகால் எங்கே அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு யாருக்குத் தெரியும்? சான்றிதழ் தரும் கவுன்சில் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல வேலைவாய்ப்பு, சட்டப்படியான பாதுகாப்பு என்பதுதான் முதல் தேவை, திறமை வளர்த்துக்கொள் என்ற உபதேசம் அப்புறம்.

வேலையை விடும்போதோ கான்ட்ராக்டர் மாறும்போதோ என்னென்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

அனுபவச் சான்று, அதில் "ஒர்க்கர்" என்று மட்டும் போடாமல் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்: டிக் வெல்டிங், கார்பன் ஸ்டீல் பைப், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று. வெல்டர் டெஸ்ட் ரிப்போர்ட் நகல். கடைசி சில மாதச் சம்பள ரசீது. ஒரு நோட்டுப் போட்டு, எந்தப் பிராஜெக்ட், என்ன மெட்டல், எவ்வளவு தடிமன், எக்ஸ்ரேயில் எத்தனை பாஸ் என்று தேதியோடு எழுதி வையுங்கள், இன்டர்வியூவில் அந்த நோட்டை எடுத்து வைத்தால் பேச்சே மாறிவிடும்.

பிஎஃப்புக்கு யுஏஎன் என்ற நிரந்தர நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான், புது கான்ட்ராக்டர் புது நம்பர் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பழையதையே கொடுங்கள். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் டிரான்ஸ்பர் செய்யுங்கள், எடுத்துவிட்டால் பென்ஷனுக்கான பத்து வருஷக் கணக்கு அங்கேயே உடைந்துபோகும். கான்ட்ராக்டர் உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் ஓடிவிட்டால், உங்களை வேலை வாங்கிய மூல கம்பெனிக்கும் அதில் பொறுப்பு உண்டு, பிஎஃப் ஆபீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனில் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். நாமினி பெயர் ஏற்றியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயரே இருந்தால் அது இப்போது செல்லாது, மனைவி பெயரைப் புதிதாக ஏற்ற வேண்டும்.